ரத்தமும் மணலும்... ஒரு கோப்பைக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா?

காக்டெயில்களுக்குப் பெயர் வைப்பதில் பார்டெண்டர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் பெயர், ராணி பெயர், ராணுவ வீரன் பெயர் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனாலும், 'பிளட் அண்ட் சாண்ட்' என்று ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னால், 'ரத்தமும் மணலும்'. குடிக்கிற பொருளுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அதற்குள் ஒரு நாவல், ஒரு சினிமா, ஒரு நடிகனின் அகால மரணம் எல்லாம் இருக்கின்றன.

கதை ஸ்பெயினில் தொடங்குகிறது. வலென்சியாவில் பிறந்த எழுத்தாளர் விசென்தே பிளாஸ்கோ இபானியெஸ், 1908-ல் 'சாங்ரே இ அரேனா' என்ற நாவலை எழுதினார். செவில் நகரத்து ஏழைப் பையன் ஹுவான் கய்யார்தோ, காளைச் சண்டை வீரனாகிப் பணமும் புகழும் சேர்க்கிறான். அன்பான மனைவி கார்மென் வீட்டில் இருக்க, டோனியா சோல் என்ற சீமாட்டியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். கடைசியில் காளையின் கொம்புக்கே பலியாகிறான். ஆனால் இபானியெஸ் காளையைக் குற்றம் சொல்லவில்லை. இன்னும் இன்னும் என்று ரத்தம் கேட்டுக் கூச்சல் போடும் கூட்டம்தான் உண்மையான மிருகம் என்று நாவலை முடிக்கிறார்.

தலைப்பிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்பானிய மொழியில் 'அரேனா' என்றால் மணல். லத்தீனிலிருந்து வந்த சொல். பழைய ரோமாபுரியில் வீரர்கள் மோதும் களத்தில், சிந்தும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ள மணல் பரப்புவார்கள். மணலின் பெயரே களத்துக்கும் ஆகிவந்தது. இன்று விளையாட்டரங்கை 'அரீனா' என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அதுவும் இதே மணல்தான்!

மயக்கிய நாயகன்

1922-ல் ஹாலிவுட் இந்தக் கதையை மௌனப் படமாக எடுத்தது. நாயகன், இத்தாலியில் பிறந்து அமெரிக்கா சென்ற ருடால்ஃப் வாலண்டினோ. அன்றைய பெண் ரசிகைகளின் கனவு நாயகன் அவர். படம் பெரிய வெற்றி. நான்கே வருடம். 1926 ஆகஸ்ட்டில், 31 வயதில், வாலண்டினோ இறந்துபோனார். நியூயார்க் தெருக்களில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். நெரிசலில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. நாவலாசிரியர் சொன்ன 'கூட்டம்' இதுதானோ என்று எண்ணவைக்கும் காட்சி.

இந்தப் படத்தின் பெயரைத்தான் லண்டன் பார் ஒன்றின் கோப்பை சுமந்துகொண்டிருக்கிறது. சவாய் ஹோட்டலின் புகழ்பெற்ற பார்டெண்டர் ஹாரி கிராடாக், 1930-ல் வெளியிட்ட 'சவாய் காக்டெயில் புக்' என்ற நூலில் இதன் செய்முறை இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படம் எடுத்த அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு! 1920-ல் தொடங்கி 1933 வரை நீடித்தது. அமெரிக்காவில் வேலை பார்த்துவந்த கிராடாக், மதுவிலக்கு வந்ததும் பிறந்த நாடான இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியவர். அமெரிக்காவில் சினிமா மட்டும் பார்க்கலாம். அதன் பெயரிலான கோப்பையைச் சட்டப்படி கையில் எடுக்க, அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்!

செர்ரியா, ஷெர்ரியா?

சவாய் நூலின் கணக்கு எளிமையானது. ஸ்காட்ச் விஸ்கி, செர்ரி பிராந்தி, இனிப்பு வெர்மூத், ஆரஞ்சுச் சாறு. நான்கும் சம அளவு. செர்ரிதான் ரத்தம், ஆரஞ்சுதான் மணல். ஆனால் கலந்து ஊற்றினால் ரத்தச் சிவப்பு வராது. செம்மண் கரைந்த மழைத்தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். ரத்தம் மணலில் ஊறிப்போன பிறகு வரும் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. செர்ரி பழம், ஷெர்ரி ஒயின். ஸ்பெயினின் ஹெரேஸ் நகரத்துத் திராட்சை ஒயின்தான் ஷெர்ரி. அரேபியர் ஆண்ட காலத்தில் அந்த ஊரை 'ஷெரிஷ்' என்பார்கள். அது ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆனது. வெர்மூத்தை எடுத்துவிட்டு ஷெர்ரியை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். பெயருக்குப் பொருத்தம்தான். நாவலின் நாயகன் பிறந்த செவிலும், ஷெர்ரி பிறந்த ஹெரேஸும் ஒரே ஆந்தலூசியா மாநிலத்து ஊர்கள். விஸ்கிக்கும் ஷெர்ரி அந்நியமில்லை. ஷெர்ரி ஏற்றி பிரிட்டனுக்கு வந்த காலி மரப் பீப்பாய்களில் விஸ்கியை ஊறவைப்பது ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம்.

ஸ்பெயின் கதை, இத்தாலி நடிகர், அமெரிக்கப் படம், ஸ்காட்லாந்து விஸ்கி, லண்டன் பார். இத்தனையும் கூடிய கோப்பையில், அதை முதன்முதலில் கலக்கிய மனிதரின் பெயர் மட்டும் இல்லை. வாலண்டினோவுக்காகத் தெருவில் அழுத தலைமுறையும் இன்று இல்லை. அந்தப் படத்தைப் பார்த்திராதவர்கள்கூட இன்றும் பார்களில் அதன் பெயரை உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது. பெயரின் கதையை ரசிக்க, கோப்பை தேவையில்லை!)