உஷார்! கண்ணாடி உடையாது... அலாரம் அலறாது... கார் மட்டும் இருக்காது!

கார் திருடன் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? கதவு இடுக்கில் இரும்புப் பட்டையைச் செருகுகிறவன், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைப் பிய்த்து உரசுகிறவன். அந்த ஆள் பழைய சினிமாவோடு நின்றுவிட்டான். இப்போது வருகிறவன் கையில் இருப்பது ஒரு டேப்லெட். அவன் உங்கள் காரை உடைப்பதில்லை. 'நான்தான் ஓனர்' என்று அதை நம்பவைக்கிறான். காரும் நம்பி, சத்தமில்லாமல் அவன் பின்னால் போய்விடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில்!

புஷ் பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

சாவி வீட்டுக்குள்ளே... கார் போய்க்கொண்டிருக்கும்!

ஸ்மார்ட் கீ இருக்கும் காரில், காரும் சாவியும் ரேடியோ அலையில் பேசிக்கொள்கின்றன. சாவி ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தால்தான் கதவு திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திருடர்கள் இருவராக வருகிறார்கள். ஒருவன் கார் பக்கத்தில், இன்னொருவன் உங்கள் வாசல் கதவோரம். கார் அனுப்பும் சமிக்ஞையைக் கருவி வழியாக வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை கடத்துகிறார்கள். சாவியும் தன் கார் அருகில் நிற்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிடும். இடையில் சுவர் இருந்தாலும் தடையில்லை.

இது புதுக்கதையும் அல்ல. 2011-லேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பத்து மாடலும் ஏமாந்தன!

வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில், செருப்பு ஸ்டாண்டின் மேல் சாவியை வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வீட்டின் உள்ளறையில் வையுங்கள். சமிக்ஞையை மறைக்கும் உலோகத் துணி உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கியதும் சாவியை அதில் போட்டுக் கார் அருகே நின்று கதவை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அந்த உறை வீண். பல கார்களில் கீலெஸ் வசதியையே அணைத்து வைக்கலாம். எப்படி என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கொல்லைப்புற வாசல்

டேஷ்போர்டுக்கு அடியில் 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிக் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட் அதுதான். சாவி தொலைந்தால் புதுச் சாவியைக் காரில் பதிவு செய்வதும் அதன் வழியாகத்தான். இதே வேலையைத் திருடனும் செய்கிறான். டெல்லி போலீஸ் பிடித்த கும்பல்களிடம் இப்படிச் சாவியைப் பதிவு செய்யும் டேப்லெட்டுகளும் வெற்றுச் சாவிகளும் சிக்கியிருக்கின்றன.

காருக்குள் நுழையாமலே வழி தேடியவர்களும் உண்டு. 2022-ல் லண்டனில், கார் மின்னணுப் பாதுகாப்பை ஆராயும் நிபுணர் ஒருவரின் டொயோட்டா ராவ்4 காரின் பம்பரையும் ஹெட்லைட் ஒயரையும் யாரோ கழற்றிப் பார்த்திருந்தார்கள். ஏதோ போக்கிரித்தனம் என்றுதான் முதலில் தோன்றியது. சில மாதங்களில் காரே போய்விட்டது. ஹெட்லைட் ஒயர் வழியாகக் காரின் உள் வலையமைப்புக்குள் புகுந்து, 'சரியான சாவி வந்துவிட்டது' என்று பொய்த் தகவல் அனுப்பும் கருவி இருப்பது பிறகு தெரிந்தது. அது சாதாரண புளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் ஒளித்து விற்கப்பட்டது! நிறுத்திய காரில் பம்பர் தளர்ந்தோ, ஹெட்லைட் ஓரம் பெயர்ந்தோ இருந்தால் அலட்சியம் வேண்டாம். அது ஒத்திகையாக இருக்கலாம்.

பழைய காருக்கு இரும்புதான் துணை

'என்னுடையது சாதா சாவி கார், பயமில்லை' என்கிறீர்களா? அமெரிக்காவில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) இல்லாத ஹூண்டாய், கியா கார்களை யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருகி ஸ்டார்ட் செய்யும் வீடியோக்கள் 2022-ல் பரவின. ஊர் ஊராகக் கார்கள் காணாமல் போயின. 2023-ல் அந்த நிறுவனங்கள் ஏறத்தாழ 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மாற்றம் அறிவித்தன. கூடவே போலீஸ் நிலையங்கள் வழியாகக் கொடுத்தது எதைத் தெரியுமா? ஸ்டீயரிங் லாக்கை!

டேப்லெட்டால் இரும்பை ஏமாற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் சத்தம் வரும், நேரம் ஆகும். திருடனுக்கு இல்லாததே நேரம்தான். ஆகவே:

• வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி ஸ்டீயரிங் லாக் அல்லது கியர் லாக். தினமும் போட வேண்டும். டிக்கியில் கிடந்தால் பயனில்லை.

• ஓபிடி போர்ட்டுக்குப் பூட்டு.

• எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கில் சுவிட்ச் ஒன்று, மறைவாக. வாரன்டி பாதிக்காதபடி, நம்பகமான இடத்தில் பொருத்துங்கள்.

• எளிதில் கண்ணில் படாத இடத்தில் ஜி.பி.எஸ். கருவி. அதன் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள்.

• ரிமோட் பட்டனை அழுத்திக்கொண்டே நடந்துவிடாதீர்கள். சமிக்ஞையை மறிக்கும் ஜாமர் அருகில் இருந்தால் கார் பூட்டாது. கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

'சார், ஆயில் ஒழுகுது!'

'டயர் பஞ்சர்', 'கீழே ரூபாய் நோட்டு கிடக்குது' என்று எவராவது சொன்னால், சாவியைக் காரிலேயே விட்டு இறங்காதீர்கள். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் பாருங்கள். ஏ.சி. ஓடட்டும் என்று வண்டியை ஆனில் விட்டுக் கடைக்குள் ஓடுவதும் திருடனுக்கு அழைப்புதான்.

வாட்டர் வாஷ், மெக்கானிக் ஷெட், ஆக்டிங் டிரைவர் என்று சாவியைக் கொடுக்கும் இடங்களில் கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள்; வீட்டுச் சாவி வேண்டாம். பழைய கார் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். காரில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்து, தெரியாதவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

ஹோட்டலில் வேலே பார்க்கிங்கில் விட்டால் டோக்கனைப் பத்திரமாக வைத்திருங்கள். 1998-ல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் அப்படி விடப்பட்ட மாருதி ஜென் திருடுபோனது. 'ஓனர் பொறுப்பு' என்று டோக்கனில் அச்சடித்துவிட்டு ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போய்விட்டதா? பதறாமல் இதைச் செய்யுங்கள்

டிராபிக் போலீஸ் இழுத்துப் போயிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் உடனே 100 அல்லது 112. 'இது எங்க லிமிட் இல்லை' என்று சொன்னால் விடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ்.ஸைக் கவனியுங்கள். டோல்கேட்டில் பணம் பிடித்த தகவல் வந்தால் கார் போகும் திசை தெரிந்துவிடும். அதைப் போலீஸிடம் அப்படியே காட்டுங்கள்.

அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

முக்கியமான ஒன்று: தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் பொதுவாகக் கார் வாங்கிய விலை கிடைக்காது. பாலிசியில் ஐ.டி.வி. என்று குறித்த, காரின் காப்பீட்டு மதிப்புதான். இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று இல்லையென்றால் கேள்வி மேல் கேள்வி. 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் தரும் சான்றிதழ் வரும்வரை பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை கார் லோனுக்கு இ.எம்.ஐ. நிற்காது!

ஒரிஜினல் ஆர்.சி.யைக் காரில் வைக்காதீர்கள். டிஜிலாக்கரில் உள்ளதே செல்லும். இன்று இரவு தூங்கப் போகும்முன் மூன்றைச் சரிபாருங்கள்: இரண்டாவது சாவி எங்கே? பாலிசி எந்த வகை? ஸ்டீயரிங் லாக் போட்டாயிற்றா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.