சிறைச்சாலைச் செவிலியரும் தொடர்கல்வியும்

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நோயுற்றோரும் காவலில் இருப்போரும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். இவ்விரு நிலைகளும் ஒரே மனிதனிடத்தில் கூடும் இடம் சிறை மருத்துவமனை. சிறை ஊழியத்தைப் பற்றி நம் சபைகளில் ஓரளவு பேசுகிறோம். மருத்துவ ஊழியத்தைப் பற்றி நிறையவே பேசுகிறோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பணிபுரியும் செவிலியரின் கல்வியைப் பற்றி மட்டும் ஏனோ பேசுவதில்லை.

இது வியப்புக்குரியது. சீர்திருத்தத் திருச்சபை மரபில் செவிலியர் கல்வி சிறைவாசலிலேதான் பிறந்தது எனலாம். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரின் போதகர் தியோடர் ஃபிளீட்னர், வறுமையுற்ற தம் சபைக்கு நிதி திரட்ட இங்கிலாந்து சென்றபோது, நியூகேட் சிறையில் எலிசபெத் ஃபிரை ஆற்றிய பணியைக் கண்டார். நாடு திரும்பி டுசல்டார்ஃப் சிறையில் ஊழியம் தொடங்கினார். 1826இல் சிறைச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1833இல் விடுதலை பெற்ற பெண் கைதிகளுக்குத் தம் தோட்டத்து வீட்டில் புகலிடம் அளித்தார். அதற்கடுத்தே, 1836இல், பணிப்பெண்கள் இல்லமும் மருத்துவமனையும் எழுந்தன. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் பயிற்சி பெற்றது அங்கேதான். பிற்காலத்தில் செவிலியர் கல்வி பெருமருத்துவமனைகளுக்கு உரியதாயிற்று. சிறை அதன் பார்வையினின்று விலகிற்று.

சிறைச் செவிலியர் தனியே கற்கவேண்டியது என்ன என்று சிலர் கேட்கக்கூடும். வாழப்பாடி மரவள்ளிக் காட்டில் கூலிவேலை செய்யும் ஒருவர் ஏதோ வழக்கில் கைதாகி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கேயுள்ள சேலம் மத்திய சிறைக்கு விசாரணைக் கைதியாக வருகிறார் என்று கொள்வோம். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர். சிறை வாயிலில் குடி சட்டென நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், உறக்கமின்மை, பிதற்றல், வலிப்பு ஆகியவை தோன்றலாம். அறியாதவர் கண்ணுக்கு அது அடங்காமை, தண்டிக்கத் தோன்றும். அறிந்த செவிலியருக்கோ அது உயிருக்கு ஆபத்தான சன்னி. உடனே மருத்துவரை அழைப்பார். தற்கொலை எண்ணம் மிகுதியாகத் தலையெடுப்பதும் சிறைவாசத்தின் முதல் நாட்களிலேயே. நெருக்கமான அறைகளில் காசநோய் பரவும் விதம், கருவுற்ற பெண்களின் பராமரிப்பு, தாயுடன் சிறையில் ஆறு வயதுவரை வாழ அனுமதிக்கப்படும் குழந்தைகளின் தடுப்பூசி என இப்பட்டியல் நீளும்.

எனினும் இவற்றைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. செவிலியர் யாருக்குப் பொறுப்புள்ளவர்? உத்தரவு சிறை அதிகாரியிடமிருந்து வருகிறது, நோயாளியோ கைதி. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இதில் தெளிவாக உள்ளன. வெளியே கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் உரியது. மருத்துவப் பணியாளரின் அறநெறியும் வெளியேயுள்ளதே. சித்திரவதையின் அடையாளங்களைக் கண்டால் அவற்றைப் பதிவுசெய்து உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும்.

இது ஏட்டளவான செய்தியன்று. சாத்தான்குளம் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 அன்று காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாள் அரசு மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று பெறப்பட்டு, கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகனும் 23ஆம் நாள் அதிகாலை தந்தையும் மாண்டனர். எவரையும் இங்குத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் காயத்தைக் கண்டு, அளந்து, எழுதி, கையொப்பமிடும் துணிவு ஒருவருக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதுவும் கற்பிக்கப்படவேண்டியது, தம்மையொத்த பிறருடன் பேசிப் பேசி உறுதிப்படவேண்டியது.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சிறை மருத்துவ அலுவலர் அனைவருக்கும் அடிப்படை மனநல மருத்துவத்தில் பயிற்சி அளிக்கும் கடமையை அரசுமீது சுமத்துகிறது. நல்லதே. ஆயினும் அப்பிரிவு பெயர் சொல்வது மருத்துவரை. நள்ளிரவில் கைதியின் அழுகையைக் கேட்கும் செவிலியரை அன்று. இந்திய செவிலியர் மன்றம் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்று அளவு வகுத்தது. ஆனால் மாற்றாள் இல்லாத பணியிடத்திலிருந்து எவர் கருத்தரங்குக்குச் செல்ல இயலும்? சென்றாலும், பெருமருத்துவமனைக்கென வகுத்த பாடம் சிறைக்குள் எவ்வளவு உதவும்? மணிக்கணக்கு நிறைவேறும், கல்வி நிறைவேறாது.

ஆகவே, பாடம் சிறைக்குள் செல்லவேண்டும் என்பதே நம் கருத்து. ஐடா ஸ்கடர் 1909இல் வேலூரில் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946இல் பட்டக் கல்லூரியாயிற்று. அந்நகரிலேயே ஒரு மத்திய சிறையும் உள்ளது. நம் மருத்துவமனைகளின் செவிலிய ஆசிரியைகள் இருவர், மனநல மருத்துவர் ஒருவர், ஆற்றுப்படுத்தலில் பயின்ற இறையியல் ஆசிரியர் ஒருவர் எனச் சிறு குழு அமைந்தால், மாதம் ஒரு பிற்பகல் போதும். சொற்பொழிவு வேண்டா. அம்மாதம் செவிலியரைக் கலங்கச்செய்த ஒரு நிகழ்வை, கைதியின் பெயர் நீக்கி, எடுத்துக்கொண்டு பேசினால் நலம்.

ஆயரின் பங்கு இதில் சிறிதே. சேலம் சிறையில் ஆராதனை நடத்தச் செல்பவர், முடிந்ததும் மருத்துவமனைப் பகுதிக்கும் சென்று, அங்குள்ள செவிலியருக்கு எது தேவை என்று கேட்டறியலாம். அவர் கூறும் தேவையைக் குறிப்பிட்டு, அனுமதி கோரும் கடிதத்தை முதலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதவேண்டும். மருத்துவமனைக்கு எழுதுவது அதற்குப் பின்னரே.