ஒரு வேளைச் சோறு கேட்ட பிரதமர்!

நாட்டை ஆளுகிறவர் மக்களிடம் என்ன கேட்பார்? ஓட்டு கேட்பார். வரி கேட்பார்.

ஆனால் ஒரு பிரதமர், மக்களிடம் ஒரு வேளைச் சோற்றைக் கேட்டார்! வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை மட்டும் சாப்பிடாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர்தான் லால் பகதூர் சாஸ்திரி. அரியலூர் ரெயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, 1956-ல் ரெயில்வே மந்திரி பதவியை உதறியவர். 1964-ல் இந்தியாவின் பிரதமர் ஆனார்.

நாற்பது ரூபாய் குடும்பம்

சாஸ்திரிக்கு வறுமை புதிது அல்ல. கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் பல முறை சிறைக்குப் போனார். லாலா லஜபதிராய் தொடங்கிய தொண்டர் சங்கம் ஒன்று, அவர் குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தது.

அவர் சிறையில் இருந்தபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள்.

"மாதம் 50 ரூபாய் ஒழுங்காக வருகிறதா? போதுமா?" என்று மனைவி லலிதா தேவிக்குக் கடிதம் எழுதிக் கேட்டாராம். 40 ரூபாயில் குடும்பம் நடப்பதாகவும், 10 ரூபாய் மிச்சம் பிடிப்பதாகவும் பதில் வந்தது.

வேறு ஒருவராக இருந்தால், மனைவியின் சிக்கனத்தை மெச்சியதோடு விட்டிருப்பார். சாஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? உடனே சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் வீட்டுக்கு 40 ரூபாய் போதும் என்றும், மீதி 10 ரூபாயைக் கஷ்டப்படும் வேறு யாருக்காவது கொடுக்கும்படியும் அதில் கேட்டுக்கொண்டார்!

மழையும் இல்லை, நெல்லும் இல்லை

1965-ம் ஆண்டு வந்தது. பருவமழை பொய்த்தது. போதாக்குறைக்குப் பாகிஸ்தானுடன் யுத்தமும் மூண்டது.

முந்தின ஆண்டு நாட்டின் தானிய விளைச்சல் 8 கோடியே 94 லட்சம் டன். அது 7 கோடியே 23 லட்சம் டன்னாகச் சரிந்தது. அமெரிக்காவில் இருந்து கோதுமை வந்துகொண்டிருந்தது. ஆனால் ஜனாதிபதி ஜான்சன், நீண்ட கால ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்பினார். அடுத்த கப்பல் வருமா, வராதா என்று நாடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் பட்டினி தன் வீட்டில்

அப்போதுதான் சாஸ்திரிக்கு அந்த யோசனை தோன்றியது. ஆனால் உடனே அதை மக்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை, வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். தன் பிள்ளைகளால் ஒரு வேளைப் பசியைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க விரும்பினார். பிள்ளைகள் தாங்கினார்கள். அதன் பிறகே நாட்டு மக்களைக் கேட்டார். அவருடைய மகன் அனில் சாஸ்திரி பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

மக்கள் மனம் இளகியது. திங்கட்கிழமை மாலைகளில் ஓட்டல்கள் மூடப்பட்டன. எத்தனையோ வீடுகளில் அன்று இரவு உலை வைக்கவில்லை. "சாஸ்திரி விரதம்" என்றே அதற்குப் பெயர் வந்தது. பிரதமர் தன் வீட்டுப் புல்தரையையும் உழுது பயிரிட்டார்.

கணக்குப் பார்த்தால்...

இதனால் பஞ்சம் தீர்ந்துவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் ஒரு வேளைக்கு 150 கிராம் தானியம் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 5 கோடி பேர், ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆண்டு முழுவதும் ஒரு வேளை விட்டாலும், மிச்சமாவது சுமார் 4 லட்சம் டன்தான். விளைச்சலில் விழுந்த துண்டோ 171 லட்சம் டன்! நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. 1966-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்யத்தான் வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டில் மிஞ்சிய அரிசி, தானாக நடந்து ஏழை வீட்டுக்குப் போய்விடாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், வழி வேண்டும். சிறையில் இருந்த சாஸ்திரி, 10 ரூபாயை மிச்சம் பிடித்ததோடு நிற்கவில்லையே! அது யாரிடம் போகவேண்டும் என்பதையும் அல்லவா சொன்னார்?

இது அவர் அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. 1965 பொங்கல் அன்று, ஜனவரி 14-ந் தேதி, இந்திய உணவுக் கழகம் பிறந்தது. விளைகிற இடத்தில் தானியத்தை வாங்கி, இல்லாத இடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? நம் தஞ்சாவூரில்!

உணவு மந்திரியாக இருந்தவரும் ஒரு தமிழர்தான். கோவை மாவட்டத்துக்காரரான சி.சுப்பிரமணியம். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்களின் யோசனையைக் கேட்டு, மெக்சிகோ நாட்டில் இருந்து குட்டை ரகக் கோதுமை விதையைத் தருவித்தார். 1966-ல் மட்டும் 18 ஆயிரம் டன் விதை வந்தது. 1964-65-ல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது.

அந்த விளைச்சலைப் பார்க்கச் சாஸ்திரி இல்லை. 1966 ஜனவரி 11-ந் தேதி தாஷ்கண்ட் நகரில் அவர் காலமாகிவிட்டார்.

விரதம் எதற்கு?

அப்படியானால் மக்கள் இருந்த பட்டினி வீணா? இல்லை!

பசியை ஒழித்தது வயலும் விதையும்தான். ஆனால் வயல் விளையும் வரை நாடு பொறுத்திருக்க வேண்டுமே! மூன்று வேளை சாப்பிடுகிறவன், ஒரு வேளையை விட்டுப் பார்த்தால்தான் பக்கத்து வீட்டுக்காரனின் பசி புரியும். ஏற்கெனவே அரை வயிறாக இருப்பவன் எதை விட முடியும்? அவனுக்கு அது விரதம் அல்ல, விதி. விட வேண்டியவன் இருக்கப்பட்டவன்தான்.

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. பானையில் அரிசி சேர்ந்தால் மட்டும் போதாது. மாதக் கடைசியில் அது ஒரு ஏழை வீட்டு அடுப்பில் ஏறவேண்டும். அன்றைக்குத்தான் அந்தப் பிடி அரிசி தருமம் ஆகும்.