சிறு தொழிலுக்குச் சொந்த இணையதளம்

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகருக்கு அருகே உள்ள பக்ரூ என்ற ஊரில், செதுக்கிய மரக்கட்டைகளைக் கொண்டு துணியில் அச்சிடும் தொழில் பல தலைமுறைகளாக நடைபெற்று வருகிறது. கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திய துணியின்மீது, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கரைசல் கறுப்பாகப் பதிகிறது. படிகாரப் பசையால் அச்சிட்ட பகுதி பின்னர் சாயத் தொட்டியில் சிவப்பு நிறம் பெறுகிறது. இத்துணி வாடிக்கையாளரைச் சென்றடைய நெடுங்காலம் வணிகர்களே வழியாக இருந்தனர். இன்று பெரிய மின்வணிக நிறுவனங்களின் சந்தைத் தளங்களும் அவ்வழியுடன் சேர்ந்துள்ளன. இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது, தொழில் நடத்துவோர் தம் பெயரிலேயே அமைத்துக்கொள்ளும் இணையதளமாகும்.

சந்தைத் தளத்தில் பொருள் விற்பது, பெருஞ்சந்தையில் கடை வாடகைக்கு எடுப்பதைப் போன்றது. கூட்டம் தானே வருகிறது. பணம் வசூலிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் வருகின்ற வாடிக்கையாளர் அச்சந்தையின் வாடிக்கையாளரே ஆவார். அவர் யார், மீண்டும் எப்போது வாங்குவார் என்ற விவரங்கள் பெரும்பாலும் விற்பவர் கைக்கு வருவதில்லை. எந்தப் பொருள் பட்டியலின் மேலே தோன்ற வேண்டும் என்பதையும், எவ்வளவு கட்டணம் பிடிக்கப்படும் என்பதையும் சந்தையை நடத்துவோரே முடிவு செய்கின்றனர். இதனால் சந்தைத் தளத்தை விட்டு விலக வேண்டும் என்பது பொருளன்று. அங்கு விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே, சொந்தமாக ஒரு நிலையான முகவரியையும் வைத்துக்கொள்வதே சிறு தொழிலுக்குப் பாதுகாப்பு.

பெயர் யாருடையது?

இணையதளம் என்பது மூன்று தனித்தனிப் பொருள்களின் சேர்க்கை. முதலாவது, ‘டொமைன்’ எனப்படும் பெயர். இரண்டாவது, பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்டவருக்கு அனுப்பும் ‘சர்வர்’ என்னும் கணினியில் வாடகைக்குப் பெறும் இடம். மூன்றாவது, அப்பக்கங்களில் உள்ள எழுத்தும் படமும். சர்வரை மாற்றலாம், பக்கங்களைத் திருத்தி எழுதலாம். பெயர் ஒன்றே எளிதில் மாற்ற இயலாதது. சீட்டிலும் பையிலும் அச்சாகி, வாடிக்கையாளரின் நினைவிலும் பதிவது அதுவே.

இந்தியாவுக்குரிய ‘.இன்’ என்னும் ஈற்றுடன் முடியும் பெயர்களின் பதிவேட்டை, 2003ஆம் ஆண்டில் இலாப நோக்கின்றி அமைக்கப்பட்ட இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் பராமரிக்கிறது. 2005 முதல் இப்பெயர்கள் பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைத்து வருகின்றன. தமிழில் ‘.இந்தியா’ என முடியும் பெயரையும் பெறலாம். பதிவேட்டின் அங்கீகாரம் பெற்ற பதிவு முகவர் நிறுவனங்கள் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பெயர் விலைக்கு வாங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமையாகப் பெறப்படுகிறது. இவ்வுரிமையை ஓராண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை ஒரே தவணையில் பெறலாம். காலம் முடியுமுன் புதுப்பித்தாக வேண்டும்.

இங்கேதான் சிறு தொழில்கள் பெரிதும் இடறுகின்றன. தளத்தை வடிவமைத்துத் தரும் இளைஞரோ நிறுவனமோ, வசதி கருதிப் பெயரைத் தம் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவது உண்டு. தொழில் நடத்துபவர் பணம் செலுத்தியவர் மட்டுமே; பதிவேட்டில் உரிமையாளர் மற்றொருவர். உறவு நன்றாக உள்ளவரை இது புலப்படாது. வடிவமைப்பாளர் வேறு வேலைக்குச் சென்றாலோ, கணக்குவழக்கில் மனத்தாங்கல் வந்தாலோ, புதுப்பிக்கும் அறிவிப்பு எவருக்கும் எட்டாத மின்னஞ்சல் முகவரிக்குப் போய்ச் சேரும். பெயர் காலாவதியாகி, சலுகைக் காலமும் கடந்துவிட்டால் எவர் வேண்டுமானாலும் அதைப் பெற்றுக்கொள்ளலாம். எனவே பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் தொழிலின் பெயரோ அதன் உரிமையாளர் பெயரோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவருடையவையாகவே இருத்தல் வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை நிலப்பத்திரத்தைப் போலக் காத்தல் இன்றியமையாதது. பெயரை ஒரு முகவரிடமிருந்து இன்னொரு முகவருக்கு மாற்றுவதற்குரிய இரகசியக் குறியீடும் உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடியதே. அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமன்று, வணிகச் சின்னத்தைப் போன்றே பாதுகாக்கத் தக்கது என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிறர் தீய நோக்குடன் பதிவு செய்த ‘.இன்’ பெயரை மீட்க நடுவர் தீர்ப்பு முறையும் இருக்கிறது. ஆயினும் வணிகச் சின்னத்தை முன்கூட்டியே பதிவு செய்திருப்பவரின் நிலை வலுவானது. இணையவழி விண்ணப்பத்துக்கு மற்றவர்கள் ரூ.9,000 கட்ட, தனிநபரும் சிறு நிறுவனங்களும் ரூ.4,500 செலுத்தினால் போதுமென 2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன.

வாங்குபவரின் கண்ணோட்டம்

தளத்தின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் நிறத்தையும் அலங்காரத்தையும் பற்றியே பேசுகின்றனர். முதன்மையானது பொருள்களை வகைப்படுத்தும் முறை. பக்ரூவின் பட்டறையில் துணிகள் தொழில்நுட்பத்தை ஒட்டிப் பிரிக்கப்படும்: சேறு பூசிச் சாயம் ஏறாமல் தடுக்கும் ‘தாபூ’ துணி ஒருபுறம், கறுப்பு சிவப்பு அச்சுத் துணி மறுபுறம். பட்டறைக்கு அதுவே இயல்பு. புனேயிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ தேடுபவர் தாபூ வேண்டுமென்று தேடுவதில்லை. அவருக்குத் தேவை சேலை, படுக்கை விரிப்பு, மீட்டர் கணக்கில் துணி. ஆகவே தளத்தின் முதல் பிரிவினை பயன்பாட்டை ஒட்டியே இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பெயர் அதன்கீழ் விளக்கமாக வரலாம்.

பெரும்பாலோர் தளத்தின் முகப்பு வழியாக நுழைவதில்லை என்பதும் மறக்கப்படுகிறது. தேடுபொறியோ நண்பர் அனுப்பிய குறிப்போ அவர்களை நேரே ஒரு பொருளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எனவே ஒவ்வொரு பொருளின் பக்கமும் தன்னளவில் முழுமையாக இருத்தல் வேண்டும். நீளம், அகலம், நூலின் வகை, துவைக்கும் முறை, வரிகள் உள்ளிட்ட விலை, அனுப்ப ஆகும் நாட்கள் ஆகிய அனைத்தும் அங்கேயே தெரிய வேண்டும். கையால் அச்சிட்ட துணியில் ஒரு கெஜத்துக்கும் அடுத்த கெஜத்துக்கும் நிறம் சற்றே வேறுபடும். இதைப் படத்தின் அருகிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் திரும்பி வரும் பொட்டலங்கள் குறையும். சொல்லாமல் மறைப்பவர் அஞ்சல் செலவை இருமுறை ஏற்க நேரிடும்.

படங்கள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவையாகவும் அளவு சுருக்கப்பட்டவையாகவும் இருப்பது நல்லது. பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் கைபேசியிலேயே பார்க்கின்றனர். கனத்த படம் திறக்குமுன் பொறுமை தீர்ந்துவிடும். ஒருமுறை ஒரு பக்கத்துக்கு அளித்த முகவரியைப் பின்னர் மாற்றுவதும் தவறு. பழைய முகவரியைக் குறித்து வைத்தவர் வெற்றுப் பக்கத்தில் போய் நிற்பார். முகவரி மாறியே ஆக வேண்டுமெனில், பழையதைத் திறப்பவர் தானாகவே புதியதற்குச் சென்று சேரும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பக்ரூ அச்சு புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைத் தளத்தில் பயன்படுத்துவோர், தாம் உண்மையில் அங்கு, அம்முறையில் உற்பத்தி செய்வோர் என்பதை எடுத்துக்காட்டுவது அவர்களுக்கே நன்மை. இயந்திரத்தில் அச்சிட்டு ‘பக்ரூ’ என்ற பெயரில் விற்கப்படும் துணிக்கு எதிரே கைவினைஞருக்கு உள்ள வலிமை இதுவே.

சட்டம் கேட்பவை

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொந்தத் தளத்தில் விற்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயர், முகவரி, தொடர்பு விவரங்கள், குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் காணப்பட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது பெறப்பட்டதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இரண்டே பேர் வேலை செய்யும் பட்டறையில் குறைதீர்க்கும் அலுவலர் யார் என்ற கேள்வி எழலாம். உரிமையாளரே அப்பொறுப்பை ஏற்கலாம். பொட்டலமிட்ட பொருள்களுக்கு அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு முதலிய விவரங்களைத் தளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளரை ஏமாற்றி இசைய வைக்கும் 13 வகை உத்திகளைத் தடை செய்யும் வழிகாட்டு நெறிகள் 2023 நவம்பரில் வெளியிடப்பட்டன. ‘இன்னும் ஒன்றே எஞ்சியுள்ளது’ என்ற பொய்யான அவசர அறிவிப்பும் அவற்றுள் அடங்கும்.

வரி விஷயத்தில் நுணுக்கம் ஒன்று உண்டு. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பவர், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற வேண்டும் என்பது பொதுவிதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு, கையால் அச்சிட்ட துணிகள் உட்பட, உச்ச வரம்பு வரை இதில் விலக்கு உண்டு. நிரந்தரக் கணக்கு எண்ணும் மின்வழிச் சீட்டும் இருத்தல் நிபந்தனை. பதிவு பெற்றவர் சந்தைத் தளம் வழியாக விற்கும்போது அந்நிறுவனம் 2024 ஜூலை முதல் 0.5 சதவிகிதம் வரி பிடித்தம் செய்கிறது. தம் பொருளைத் தம் தளத்தில் தாமே விற்பவருக்கு இப்பிடித்தம் எழுவதில்லை.

நடத்திச் செல்லுதல்

தளம் அமைக்க வேண்டிய மென்பொருள் இன்று தடையாக இல்லை. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் பெற 2016இல் தொடங்கிய யுபிஐ முறை பெருந்துணை. வாடிக்கையாளரின் அட்டை எண்ணை வணிகர்கள் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கியின் கட்டளை 2022 அக்டோபர் முதல் தடுத்துள்ளதால், அப்பணியை அனுமதி பெற்ற பணம் செலுத்தும் நிறுவனங்களிடம் விடுவதே முறை. பெயர், தொலைபேசி எண் போன்ற விவரங்களைத் தேவைக்கு மேல் கேட்பதும் விரும்பத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பைப் பெறுபவர் மீதே சுமத்துகிறது.

உண்மையான செலவு பணத்தைவிட நேரமே. பட்டறை வாசலில் விற்ற சேலை தளத்தில் இன்னும் ‘கிடைக்கும்’ என்றிருந்தால், முன்பணம் கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்க நேரும். ஆகவே மாலைதோறும் இருப்பைச் சரிபார்க்க ஒருவர் தேவை. வாரம் ஒருமுறை தளத்தின் நகலை வேறொரு இடத்தில் சேமிக்கவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும், மின்னஞ்சலுக்கு விடையளிக்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். குடும்பத்தில் கல்லூரியில் பயிலும் மகளோ மகனோ இருந்தால் இது இயல்பாகவே அமைந்துவிடும். இல்லையெனில் நான்கைந்து பட்டறைகள் கூடி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

இத்தொழில்களுக்குப் பயிற்சியளிக்கும் அலுவலர்களுக்கும் இதில் கவனிக்க வேண்டியது உண்டு. திறப்பு விழா கண்ட தளங்களின் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுவது எளிது. ஈராண்டு கழித்து அவற்றுள் எத்தனை பெயர்கள் புதுப்பிக்கப்பட்டன, எத்தனை பெயர்கள் உரிமையாளர் கணக்கில் உள்ளன என்று கேட்டறிவது சற்றுக் கடினம். பயிற்சியின் கடைசி நாளன்று, ஒவ்வொருவரையும் தம் கைபேசியிலேயே பதிவு முகவரின் கணக்கைத் திறந்து உரிமையாளர் பெயரையும் காலாவதி நாளையும் உரக்கப் படிக்கச் சொன்னால், இரு கேள்விகளுக்குமான விடையில் பாதி அன்றே கிடைத்துவிடும்.