மதுரை வெயிலில் ஒரு சர்வைவல் கேம்

சர்வைவல் கேம் விளையாடிப் பழகாதவர்களுக்கு முதலில் ஒரு அறிமுகம். ஆளரவமில்லாத காட்டிலோ தீவிலோ பனிவெளியிலோ உங்களை ஏறக்குறைய வெறுங்கையோடு விட்டுவிடுவார்கள். தண்ணீர், சாப்பாடு, நெருப்பு, ஒதுங்க ஓர் இடம் எல்லாவற்றையும் நீங்களே தேடிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனம் செய்த ‘தி லாங் டார்க்’, போலந்தில் உருவான ‘கிரீன் ஹெல்’ இரண்டும் இந்த வகையில் பேர்பெற்றவை. விளையாடியவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ரொம்பக் கஷ்டம், அவ்வளவு ரியலா இருக்கும்” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். கஷ்டமும் நிஜமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விளையாட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்பது புரியும்.

பசியிலிருந்து தொடங்கலாம். ‘தி லாங் டார்க்’கில் கலோரிக் கணக்கு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் உடல்நிலை மளமளவென்று சரியும், சில நாள்களிலேயே கதை முடிந்துவிடும். நிஜத்தில் உடல் இவ்வளவு சீக்கிரம் கைவிடாது. சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், அக்டோபர் 13-ல் மதுரை அரசு மருத்துவமனையில் உயிர் துறந்தார். எழுபது நாள்களுக்கும் மேல் அந்த முதிய உடம்பு தாங்கியது. விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இந்த உடலியல் தெரியாமல் இல்லை. ஆனால் விளையாடுகிறவர் ஒரு மாலையில் இரண்டு மணி நேரம்தான் திரைக்கு முன்னால் உட்கார்வார். அதற்குள் பசி அவரை நாலு முடிவாவது எடுக்க வைக்க வேண்டும்: இருக்கிற விறகைச் சமையலுக்கு எரிப்பதா, ராத்திரிக்கு வைப்பதா? முயலுக்குக் கண்ணி வைத்துக் காத்திருப்பதா, அடுத்த குடிசைக்கு நடப்பதா? இரண்டு மாதப் பசியால் இந்த நெருக்கடியைத் தர முடியாது. அதனால் நாள்களைச் சுருக்கிவிடுகிறார்கள். நிஜத்தை விட்டுக்கொடுத்து விறுவிறுப்பை வாங்குகிற இந்தப் பேரம் ஏறக்குறைய எல்லா சர்வைவல் கேமிலும் உண்டு. அதில் தவறும் இல்லை.

கடின நிலைகள் இன்னும் சுவாரசியமானவை. ‘தி லாங் டார்க்’கில் ‘பில்கிரிம்’ என்ற எளிய நிலையில் ஓநாய்கள் உங்களைக் கண்டால் ஓடிவிடும். ‘இன்டர்லோப்பர்’ என்ற கடும் நிலையில் துப்பாக்கி கிடைக்காது, கத்திகூடக் கிடைக்காது. உலை தேடிப்போய் நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். ஓநாய்களோ விரட்டி விரட்டி வரும். எது நிஜம்? ஓநாய் பொதுவாக மனிதனைக் கண்டு விலகிப் போகிற விலங்கு. அப்படியானால் இந்த ஒரு விஷயத்தில் எளிய நிலைதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது! கடின நிலை கூடும்போது மாறுவது பெரும்பாலும் எண்கள்தான். குளிரின் அளவு, பொருள்களின் எண்ணிக்கை, விலங்கின் மூர்க்கம். எண்ணைக் கூட்டினால் கஷ்டம் கூடும், நிஜம் கூடாது.

நுணுக்கங்களைக் கூட்டி நிஜத்தைக் கொண்டுவர முயல்கிறது ‘கிரீன் ஹெல்’. அமேசான் காட்டில் நடக்கும் அந்த விளையாட்டில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, தண்ணீர் நான்குக்கும் தனித்தனிக் கணக்கு. கையையும் காலையும் திருப்பிப் பார்த்து அட்டைகளைப் பிடுங்கிப் போட வேண்டும். மெச்சத்தக்க வேலை. ஆனால் அதிலேயே பாம்புக்கடிக்குப் புகையிலைக் கட்டுப் போட்டால் விஷம் இறங்கிவிடுகிறது. விளையாட்டுக்கு அது சரி. நம் ஊரில் இது உயிர் போகிற விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பாம்புக்கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான் அதிகம் மதிக்கும் விளையாட்டு ‘அன்ரியல் வேர்ல்ட்’. பின்லாந்துக்காரரான சாமி மாரனென் 1992-ல் வெளியிட்டு, இன்றுவரை திருத்தித் திருத்திச் செதுக்கிவரும் படைப்பு. இரும்புக் காலத்து வடநாட்டு வாழ்க்கைதான் களம். படங்கள் மிக எளியவை. முடிவென்றோ வெற்றியென்றோ எதுவும் கிடையாது. கோடையில் மீனையும் இறைச்சியையும் உலர்த்திப் புகைபோட்டு வைக்காதவர் பனிக்காலத்தில் தவிப்பார், அவ்வளவுதான். இங்கே கஷ்டம் பருவத்தின் ஒழுங்கிலிருந்து வருகிறது. தன் மண்ணை அறிந்த ஒருவர் செய்ததால் அது அப்படி அமைந்தது.

மதுரையைச் சுற்றிய சமவெளியை அதேபோல் ஒருவர் விளையாட்டாக்கினால் என்னென்ன மாறும்?

முதலில் குளிர் போய் வெயில் வரும். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரி சாதாரணம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் உடம்பைக் குளிர்விக்க வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வழி. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்வை போகும், கூடவே உப்பும் போகும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குழப்பம், சில சமயம் வலிப்பு வரைக்கும் போய்விடும். பெரும்பாலான விளையாட்டுகளில் தாகம் ஒரே ஒரு கோடு. தண்ணீர் குடித்தால் நிரம்பிவிடும். மதுரை விளையாட்டில் தண்ணீருக்கு ஒரு கோடு, உப்புக்கு ஒரு கோடு வேண்டும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் இரண்டையும் ஏற்றும். பொழுது விடியும் முன்பே வயலில் இறங்கி உச்சிக்கு முன் கரையேறுவது இங்குள்ள உழைப்பாளிகளின் வழக்கம். அதனால் எந்த நேரத்தில் நடக்கிறோம் என்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய முடிவாக இருக்கும். எதிரியே தேவையில்லை.

தண்ணீரைத் தேடுவதற்கும் நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கோடையில் பல கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். பாறைக் குன்றுகளில் சுனை உண்டு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி ஏழு குன்றுகளும் ஏராளமான சுனைகளும் கொண்ட ஊர். எந்தச் சுனை எந்த மாதம் வரை ஊறும் என்ற அறிவே அங்கே வரைபடம்.

இரவில் ஓநாய்க்குப் பதிலாகக் கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. தரையில் படுப்பதா, கட்டிலில் படுப்பதா என்ற ஒரு சின்னத் தேர்வு உயிரைத் தீர்மானிக்கும் இடம் இது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நெருப்பும் வேறு முகம் காட்டும். பனிநாட்டு விளையாட்டுகளில் நெருப்பு மூட்டியதும் நிம்மதி வரும். நம் மலைகளில் மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கிறது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்ட பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். கீழிருந்து வரும் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதுதான் காரணம். எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று கற்றுத்தருகிற விளையாட்டு ஒன்று இருந்தால் அது வெறும் பொழுதுபோக்காக நிற்காது.

கடைசியாக மனிதர்கள். சர்வைவல் கேம்களில் உலகம் பெரும்பாலும் காலியாக இருக்கும். மதுரைச் சமவெளியிலோ எந்தப் பொட்டலில் நின்றாலும் நடக்கும் தூரத்தில் ஓர் ஊர் இருக்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் வெட்டவெளியில் வாழ்கிறவர்கள். அறுவடை முடிந்த வயலில் மந்தையை அடைத்துக் கிடை போடுவார்கள். வயலுக்கு எரு சேரும். அவர்களுக்குக் கூலியாகப் பணமோ நெல்லோ கிடைக்கும். அவர்களைப் பிழைக்க வைப்பது யாரிடம் எதைக் கேட்கலாம், எவருடைய வயலில் இறங்கலாம் என்ற உறவுக் கணக்கு. தனி ஆள் வீரத்தைக் கொண்டாடும் விளையாட்டுகளில் நான் பார்க்க ஏங்குவது இதைத்தான்.

இங்கே கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய காடு, ஆயிரம் பொருள் என்று திட்டம் போட வேண்டாம். கோடையில் ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பொட்டல். முதல் பதிப்புக்கு இவ்வளவு போதும். நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு கிடைக்குப் போங்கள். எந்நேரம் நடப்பார்கள், எங்கே படுப்பார்கள், எந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று அங்கே இருக்கும் கீதாரி ஐயாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.