உளவியல் பாடமே சொல்லித்தரும் படிப்பு முறை

வீட்டிலிருந்தே பிளஸ் ஒன் உளவியல் படிக்கிறவங்க முதலில் திறக்க வேண்டியது நினைவாற்றல் பாடம். பரீட்சைக்கு எப்படிப் படிக்கணும் என்பதற்கான விடை அதிலேயே இருக்கு.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து, 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி அதிகம்.

2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை ஒரு பகுதியை இரண்டு முறை வாசிக்கவும், இன்னொன்றை ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசிப்பு முந்தியது. ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் நின்றது.

திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தோணும். அது அந்த ஐந்து நிமிடத் தெம்புதான். வீட்டில் கேள்வி கேட்க ஆசிரியர் இல்லை. புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்க. மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை.