உங்களுக்குத் தெரியுமா? ஆயில் இன்ஜினிலிருந்து கரன்ட்

கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஓய்ந்த பழைய டீசல் இன்ஜினை இரும்புக்கடைக்குப் போட வேண்டியதில்லை. ஓர் ஆல்டர்னேட்டரைப் பெல்ட் போட்டு இணைத்தால் அதே இன்ஜின் வீட்டுக்குக் கரன்ட் கொடுக்கும். மின்கம்பி எட்டாத ஊர்களில் டூரிங் டாக்கீஸ் படம் காட்டியதும் ஆயில் இன்ஜினை நம்பித்தான்.

நம் நாட்டில் ஓடிய மெதுவான இன்ஜின்கள் பலவற்றுக்கு மூலம், இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். ரகம். அதில் 6 எச்.பி. இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். இங்கிலாந்தில் 1987-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளில் அதே வடிவம் அதற்குப் பிறகும் உருவானது.

இணைப்பு வேலையின் உயிர்நாடி வேகம். ஆல்டர்னேட்டரின் துருவங்களை அதன் சுற்றுவேகத்தால் பெருக்கி, 120-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். நமக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ். ஆகவே 4 துருவ ஆல்டர்னேட்டர் 1500 சுற்று சுற்றியாக வேண்டும். 2 துருவம் என்றால் 3000. இன்ஜின் தருவதோ 650. இந்த இடைவெளியைப் புல்லி அளவுதான் நிரப்புகிறது: இன்ஜின் பக்கம் 23 அங்குலம், ஆல்டர்னேட்டர் பக்கம் 10 அங்குலம் என்றால் கணக்குக்கு 1495 சுற்று வரும். பெல்ட் கொஞ்சம் வழுக்கும், லோடு ஏறினால் இன்ஜினும் சற்றுத் தாழும். அதனால் லோடு இல்லாதபோது 51, 52 ஹெர்ட்ஸ் காட்டும்படி, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்து வைப்பது நல்லது.

வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஆல்டர்னேட்டரில் ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கருவி) இருந்தால் வேகம் குறைந்தாலும் அது வோல்டேஜைத் தூக்கிப் பிடிக்க முயலும். ஹெர்ட்ஸ் மட்டும் இறங்கிவிடும். அந்தக் கரன்டில் ஓடும் மோட்டார் சூடேறிக் கெடும். ஒரே ஒரு மீட்டர் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், ஹெர்ட்ஸையும் காட்டும் மீட்டராக வாங்குங்கள்.

புல்லி மாற்றச் சோம்பி இன்ஜின் வேகத்தை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலின் விளிம்பைப் பிய்க்கப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். ஃப்ளைவீல் வெடித்துச் சிதறினால் சுவர்கூடத் தாங்காது.

650 சுற்று இன்ஜினில் குண்டு பல்பு ஏன் துடிக்கிறது? ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் எரிந்து தள்ளும். அதாவது நொடிக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல். அந்தத் தள்ளல் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் தெரியும். கனமான ஃப்ளைவீல் இருந்தால் துடிப்பு அடங்கும்.

1 எச்.பி. என்பது 746 வாட். ஆனால் ஆல்டர்னேட்டரிலும் பெல்ட்டிலும் நட்டம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு 2 எச்.பி. என்று வைத்துக்கொண்டால் இன்ஜின் மூச்சுத் திணறாது. 6 எச்.பி.க்கு 3 கிலோவாட் போதும்.

பெல்ட்டில் ஓட்டுவதற்கு இரண்டு பக்கமும் பேரிங் உள்ள ஆல்டர்னேட்டர்தான் வேண்டும். ஒற்றை பேரிங் ரகம் மறுபக்கம் இன்ஜினின் ஃப்ளைவீலையே தாங்கலாகக் கொண்டது. பெல்ட் இழுப்புக்கு அது ஆகாது.

பல வருடம் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டர் சுற்றியும் கரன்ட் தரவில்லையா? காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இரும்பில் தங்கியிருந்த காந்தம் போயிருக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியன் 12 வோல்ட் பேட்டரியை ஃபீல்டு காயிலுக்கு ஒரு கணம் கொடுத்தால் காந்தம் திரும்பிவிடும்.

லிஸ்டர் கம்பெனியின் ‘ஸ்டார்ட்-ஓ-மேட்டிக்’ செட்டில், வீட்டுக்குள் முதல் விளக்கைப் போட்டால் இன்ஜின் தானாகக் கிளம்பும். கடைசி விளக்கை அணைத்தால் தானாக நிற்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கரன்டை நேராக வீட்டுப் பிளக்கில் சொருகினால் அது மெயின் வழியே தெருவுக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிர் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.